அயலிடத்து உழைப்பாளியும் கொள்ளைநோயும்

பிழைப்பு நாடிக் கடல் கடந்து செல்லுதல் தமிழ்மக்களுக்குப் புதிதன்று. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்து பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி எனப்படும் பழங்குடியினரும் மலையினின்று இறங்கிக் கேரளத்துக்கும் கன்னட நாட்டுக்கும் தோட்டவேலைக்குப் போகின்றனர். இவ்வாறு வேற்றிடத்தில் உழைப்போரைக் கொள்ளைநோய் பற்றும்போது அவர்தம் நிலை யாதாகின்றது, அதன் காரணம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருசிறிது ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித்தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நன்னீர் அரிதாகிய அவ்வழியில் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் இரையானோர் பலர். இதற்கு அரசினர் கண்ட பரிகாரம் தனிமைமுகாமாகும். இராமேசுவரத்துக்கு இப்பால் உள்ள மண்டபத்தில் இலங்கை அரசினரே அத்தகைய முகாமொன்றை நடத்தினர். தொழிலாளர் அங்குச் சில நாள் நிறுத்தப்பெற்று, நோயிலரென்று தெரிந்த பின்னரே கப்பலேறினர். மலேயாவை அடைந்தோர்க்குப் பினாங்கின் அருகே ஜெரஜாத் தீவும், சிங்கப்பூரின் அருகே 1874-ஆம் ஆண்டில் முகாம் ஏற்பட்ட செயிண்ட் ஜான் தீவும் இருந்தன.

இம்முகாம்கள் பயனற்றனவென்று யாம் கூறவில்லை. ஆயினும் இவை காத்தது யாரை என்பது சிந்திக்கற்பாலது. இறக்குமதியாகும் நோயினின்று அந்நாட்டைக் காத்தன. தோட்டத்துட் புகுந்தபின் தொழிலாளியைக் காக்க அவற்றால் இயலவில்லை. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் அவனைக் கொன்றது அவன் கொண்டுசென்ற நோயன்று. அங்கே அவனுக்காகக் காத்திருந்த மலேரியாக் காய்ச்சலே.

கொசுவே அக்காய்ச்சலைப் பரப்புவது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் என்பார் 1897-இல் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்தார். நான்காண்டு கழித்துக் கிள்ளானில் அரசாங்க மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன், ஊரைச் சூழ்ந்த சதுப்புநீரை வாய்க்கால் வெட்டி வடிப்பித்தார். காய்ச்சல் விரைவில் தணிந்தது. பின்னர்த் தோட்டங்களிலும் அவ்வழி கையாளப்பட்டது. தொழிலாளியை அடைத்துவைத்தமையாலன்று, அவன் குடியிருந்த இடத்தைத் திருத்தியமையாலேயே உயிர்கள் பிழைத்தன என்பதை நண்பர்கள் கருத்திற் கொள்க.

நிற்க. இவ்வுண்மையை உலகம் 2020-ஆம் ஆண்டில் மீண்டும் ஒருமுறை கற்கவேண்டியதாயிற்று. கொரோனாத் தொற்றுப் பரவிய அவ்வாண்டிற் சிங்கப்பூரின் தங்கும் விடுதிகளில் ஏறத்தாழ 3,23,000 தொழிலாளர் இருந்தனர். வங்காளதேசத்தாரும் தமிழ்நாட்டினரும் அவருட் பலர். ஓர் அறையிற் பன்னிருவர்க்கு மேலும் அடுக்குக் கட்டில்களில் உறங்குவர். சமையலறையும் குளியலறையும் பொது. ஒருவன் இருமினால் அம்மூச்சுக் காற்றைப் பலர் பகிர்தல் தவிராது. ஏப்ரல் மாதத்தில் விடுதிகள் அடைக்கப்பட்டன. மருத்துவமும் உணவும் அளிக்கப்பட்டன. பெரும்பாலோர் இளைஞராதலின் இறந்தோர் மிகச் சிலரே. எனினும் டிசம்பர் மாதத்துக் கணக்கின்படி விடுதிவாசிகளுள் நூற்றுக்கு 47 பேரை நோய் தொற்றியிருந்தது. அந்நகரத்துப் பிறமக்களுள் நூற்றுக்கு ஒருவரைக்கூட அது தொற்றவில்லை. நகரம் ஒன்றே, நோயும் ஒன்றே. வேறுபட்டது படுக்கும் இடமே.

இடநெருக்கத்தோடு வேறொரு காரணமும் உண்டு. அக்காலத்தில் யாம் பள்ளிச் சிறுவராயிருந்தோம். எம் தெருவினர் ஒருவர் அத்தகைய விடுதியொன்றிற் கட்டடத் தொழிலாளராய்த் தங்கியிருந்தார். நாள்தோறும் இரவில் அவருடைய தாயார் தொலைபேசியில் உணவுண்டாயா என்று வினவுவார். உண்டேன் என்று மகன் விடையிறுப்பார். காய்ச்சலென்னுஞ் சொல் இருவர் வாயினின்றும் வந்ததில்லை. அவர் நோயுற்றுத் தேறியதை, ஊர் திரும்பிய பின்னரே அன்னையார் அறிந்தார். அன்னைக்கு மறைத்தது அன்பினால். ஆனால் முதல் இரண்டு நாட்கள் மேற்பார்வையாளருக்கும் மறைத்ததாக அவர் எம்மிடம் கூறினார். வேலை போயின் முகவருக்கென வாங்கிய கடனை எவ்வாறு தீர்ப்பது என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்விரண்டு நாட்களும் அதே அறையில் மற்றையோரும் உறங்கினர். நோயுற்ற நாளுக்கும் கூலி உண்டென்னும் உறுதி ஒருவகை மருந்தென்பதை யாம் அன்று உணர்ந்தோம்.

அடுத்து, ஊர் திரும்புவோரை ஊரார் நோக்கும் நோக்கு. எம் மாவட்டம் 2019 நவம்பர் 26-இல் தோன்றியது. ஆறு திங்கள் நிரம்புமுன் இச்சோதனை வந்தது. 2020 மே மாதத் தொடக்கத்திற் சென்னைக் கோயம்பேடு அங்காடியில் தொற்றுப் பரவி, அது மூடப்பட்டது. அங்குச் சுமை தூக்கியோர் பலர் கள்ளக்குறிச்சிப் பகுதிக்குத் திரும்பினர். தொற்றும் உடன் வந்தது. நோயைக் கொணர்ந்தவர் என்று சிலர் அவரைக் கண்டு கதவடைத்தனர். அவர் அனுப்பிய பணத்தை வாங்கிய கைகளே அக்கதவுகளையும் அடைத்தன என்று எண்ணுங்கால் எம் நெஞ்சம் நாணுகின்றது.

சிங்கப்பூர் அரசினர் 2021-இல், புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிருவர்க்கு மேல் ஆகாதென்றும், அறுவர்க்கு ஒரு கழிப்பறையும் குளியலறையும் வேண்டுமென்றும் விதித்தனர். கிள்ளானில் வெட்டிய வாய்க்காலின் வழிவந்த அறிவே இது. அயலிடம் செல்வோர் கூலி எவ்வளவு என்று கேட்பதோடு, எத்தனைபேர் ஓர் அறையில் என்றும், நோயுற்றால் என்ன செய்வீர் என்றும் கேட்டறிதல் வேண்டும். அவருட் பலர் ஒப்பந்தத் தாளைப் படித்தறிய இயலாதவர். கற்கும் பேறு பெற்ற நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அத்தாளை அவருக்குப் படித்துச் சொல்லலாமன்றோ? அடுத்த கொள்ளைநோய் வருமுன் செய்யத்தக்க பணி இது.