தண்ணீர் ஆலை வளவில் நீர்நாய்

ஆற்றை மறித்து, விழும் தண்ணீரின் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றித் தானியம் அரைக்கும் ஆலைகள் இங்கிலாந்தில் ஒருகாலத்தில் ஏராளமாக இருந்தன. நீராவியும் மின்சாரமும் வந்தபின் அநேகமானவை ஓய்ந்துவிட்டன. வின்செஸ்ரர் நகரில் இச்சின் ஆற்றின் மேல் நிற்கும் ஆலை 1740களில் திருத்திக் கட்டப்பட்டது. 1928இல் நாஷனல் ட்ரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்து, 2004இல் மீண்டும் மா அரைக்கத் தொடங்கியது.

அதன் தோட்டம் சிறியது; தண்ணீர் சூழ்ந்த ஒரு நிலத்துண்டு. ஆயினும் இரவில் ஆலையின் கீழால் நீர்நாய்கள் போய்வருவதை அங்கு பொருத்திய கமெராக்கள் பதிந்துள்ளன. அதுவும் நகரத்தின் நடுவில்!

ஆலை வளவில் தண்ணீருக்கு இரண்டு குணம் உண்டு. மறித்த பக்கத்தில் அது ஆழமாக, மெதுவாக நிற்கும். தும்பியும் தவளையும் அங்கே பெருகும். விழும் பக்கத்தில் நுரைத்துக் காற்றுடன் கலக்கும். அங்கே மீன் கூடும், மீனைத் தேடி மீன்கொத்தியும் நீர்நாயும் வரும். பழஞ்சுவரின் வெடிப்புகளில் வௌவால் ஒதுங்கும். இவற்றை எவரும் புதிதாக அமைக்கத் தேவையில்லை. கெடுக்காமல் விட்டாற் போதும்.

கெடுப்பது பெரும்பாலும் கத்திதான். கரையோரம் இரண்டு மீற்றர் அகலத்துக்குப் புல்லை வெட்டாது விடவேண்டும்; அல்லது இவ்வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் மறு கரை என வெட்டலாம். அங்குள்ள நீரெலி அந்தப் புல்லைத் தின்று, அந்தக் கரையிலேயே வளை தோண்டி வாழ்வது. நெடுங்காலம் ஆளில்லாது கிடந்த வளவுக்குத் திரும்புகிறவர் முதலில் எல்லாவற்றையும் வெட்டி எரிக்கவே நினைப்பார். பாம்புப் பயம் நியாயமானது. வீட்டைச் சுற்றித் துப்புரவாக்குங்கள். நீரோரப் பற்றையை விட்டுவையுங்கள்.

ஆனால் நீர்நாயைத் திரும்பக் கொண்டுவந்தது தோட்டம் மாத்திரமல்ல. 1950களில் அந்நாட்டு விவசாயிகள் விதைக்கு டீல்ட்ரின் என்னும் நஞ்சைப் பூசி விதைத்தார்கள். அது வயலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நீர்நாய்க்கும் போனது. 1970களில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நீர்நாயே இல்லை. அந்த மருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1978இல் வேட்டையும் தடைசெய்யப்பட்டது. எல்லா மாவட்டங்களிலும் அதன் தடயம் மறுபடி காணப்பட 2011 ஆயிற்று.

இன்றைய மருந்துகள் வேறு. அவை போகும் வழி அதே வாய்க்கால்தான். மருந்து அடித்த தாங்கியை வாய்க்காலில் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை மருந்து அடித்த அதே வயலுக்கே தெளித்துவிடுங்கள்.