பேஸ் கித்தாரின் தந்தியுயரம்

இசைக்கருவி பயிலத் தொடங்கிய மாணாக்கருட் பலர் சின்னாட்களுள் அதனைக் கைவிட்டுவிடுதல் யாவரும் அறிந்ததே. அங்ஙனம் விடுவோர், "எமக்கு இசைஞானம் இல்லை, எம் விரல்களுக்கு வலிமை போதாது" என்று தம்மையே நொந்துகொள்வர். ஆயின், குற்றம் விரலின்கண் இன்றிக் கருவியின்கண் இருத்தலும் உண்டு. பேஸ் கித்தார் பயில்வோர்க்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். அதன் தந்திகள் விரற்பலகைக்கு மேல் அளவுக்கு மிஞ்சி உயர்ந்து நிற்பின் வல்லோனும் சிறிது போழ்தில் இளைப்பான். அளவிற் குறைந்து தாழ்ந்து நிற்பின் ஒவ்வொரு சுரத்தோடும் 'கிர்' என்னும் இரைச்சல் கலக்கும். இவ்வுயரத்தை வீட்டிலிருந்தபடியே திருத்திக்கொள்ளும் முறையை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

மின்விசையால் ஒலிக்கும் பேஸ் கித்தார் உலகிற் பெருவழக்குப் பெற்றது, அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பார் 1951ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியாலேயாம். அதற்கு முன்னர் ஆளுயரமுள்ள டபிள் பேஸை நிறுத்திவைத்து வாசித்து வந்தனர். அதன்கண் மெட்டுக்கள் இல்லை. சுரத்தானத்தை விரலே தேடிக் காணவேண்டும். ஃபெண்டரின் கருவியிலோ, நம் வீணையிற்போல் மெட்டுக்கள் பதிக்கப்பட்டமையாற் சுரம் பிசகாது வாசித்தல் எளிதாயிற்று; 'துல்லியம்' என்று பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்ததும் இதுபற்றியே. கழுத்தின் நுனியில் தந்திகள் தங்கும் 'நட்' என்னும் சிறு கட்டை முதல், அடியிலுள்ள குதிரை வரை, தந்தியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறையும், மெல்லிய தந்தி 98 முறையும் அதிர்கின்றன.

இனி, தந்திக்கு உயரம் எற்றுக்கு என்பதனை ஆராய்வோம். மீட்டப்பட்ட தந்தி ஓரிடத்தில் நில்லாது, இருபுறமும் விரிந்து ஊசலாடுகின்றது. தடித்த தந்தி பெரிதும் அகன்று ஆடும். அவ்வாட்டத்திற்கு இடம் போதாதாயின் தந்தி மெட்டுக்களில் மோதும்; அம்மோதலே இரைச்சலாகும். ஊசலாட்டம் தந்தியின் நடுப்பகுதியில் மிகுதலால், கழுத்து முற்றும் நேராயிராமல் இடையில் மிகச் சிறிது குழிந்திருத்தல் வேண்டும். நான்கு தந்திகளும் கூடி ஏறத்தாழ 75 கிலோ எடையளவு விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. அதனைத் தாங்கி எதிர்நிற்றற்பொருட்டுக் கழுத்தினுள்ளே 'ட்ரஸ் ராட்' என்னும் எஃகுக் கம்பி வைக்கப்பட்டுள்ளது. திருகித் திருத்தத்தக்க இக்கம்பிக்குக் கிப்சன் நிறுவனத்தைச் சார்ந்த தாடியஸ் மக்ஹியூ என்பார் 1923ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றனர்.

ஆகவே, தந்தியுயரம் மூன்றிடங்களால் அமைவதாயிற்று: நட்டிலுள்ள பள்ளம், கழுத்தின் குழிவு, குதிரையின் உயரம். இவற்றுள் முதலிற் குழிவையும், பின்னர்க் குதிரையையும் திருத்தல் முறை. இம்முறை பிறழ்ந்து குதிரையையே முதலில் திருகுவோர், கழுத்தின் குற்றத்தைக் குதிரையால் மறைக்க முயன்று, இரண்டையும் கெடுத்துக்கொள்வர்.

வேண்டும் கருவிகள் சிலவே: சுருதி காட்டும் ட்யூனர், அரை மில்லிமீட்டர்க் கோடுகளுள்ள எஃகு அளவுகோல், கருவிக்குப் பொருந்தும் ஆலன் கீ, திருப்புளி ஆகியவை. தொடங்குமுன் நான்கு தந்திகளின் இப்போதைய உயரத்தையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்க. திருத்தியது மனத்துக்கு ஒவ்வாவிடின் பழைய நிலைக்கு மீள இக்குறிப்பே வழியாகும்.

முதலாவது, தந்திகளை உரிய சுருதியிற் கூட்டுக. பின், தடித்த தந்தியை முதல் மெட்டிலும் இறுதி மெட்டிலும் ஒருசேர அழுத்துக. அழுத்திய தந்தி நேர்கோடாக நிற்குமாதலின், 7ஆம் அல்லது 8ஆம் மெட்டின் மேல் அதற்குள்ள இடைவெளியே கழுத்தின் குழிவாகும். இது 0.3 மில்லிமீட்டர் அளவாக, கனத்த முகவரிச் சீட்டொன்று நுழையும் அளவில் இருத்தல் நன்று. மிகுந்திருப்பின் ட்ரஸ் ராடின் மறையை வலஞ்சுழியாக இறுக்குக. இடைவெளியே இன்றேல் இடஞ்சுழியாகத் தளர்த்துக. ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகலாகாது. இறுக்கும்போது தந்திகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுதல் நலம். ஒவ்வொரு முறையும் சுருதி கூட்டிய பின்னரே மீண்டும் அளத்தல் வேண்டும்.

இரண்டாவது, குதிரை. ஒவ்வொரு தந்தியும் தங்கும் சிறு தாங்கியின் இருபுறமும் சிறு திருகாணிகள் உள்ளன. 17ஆம் மெட்டின் மேல் அளவுகோலை நிறுத்தி, மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள தொலைவை அளக்க. தடித்த தந்திக்கு 2.4 மில்லிமீட்டரும், மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டரும் தொடக்கத்திற்கு ஏற்ற அளவுகளாம். இடையிலுள்ள இரண்டும் விரற்பலகையின் வளைவைத் தழுவி அமைதல் வேண்டும். குதிரையை 1 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 12ஆம் மெட்டின் மேல் தந்தி அரை மில்லிமீட்டரே தாழும். அம்மெட்டுத் தந்தியின் சரிபாதியில் இருத்தலே காரணம். தாங்கி ஒரு பக்கம் சாயாவண்ணம் இரு திருகாணிகளையும் ஒத்த அளவிற் திருகுக.

மூன்றாவது, சுரத்தூய்மை. அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரம் சிறிது ஏறும். உயரம் மாறின் இவ்வேற்றமும் மாறும். ஆதலின் இதனை இறுதியிலேயே நோக்கல் வேண்டும். 12ஆம் மெட்டில் அழுத்தி எழுப்பிய சுரம், திறந்த தந்தியின் சுரத்திற்குச் சரியாக மேல்தாயியில் நிற்றல் வேண்டும். ஏறி நிற்பின் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியை நீட்டுக. இறங்கி நிற்பின் முன்னுக்குக் கொணர்க.

இவ்வளவும் செய்த பின்னரும் இரைச்சல் எழுமாயின், எழும் இடமே காரணத்தைக் காட்டும். முதல் நான்கைந்து மெட்டுக்களில் மட்டும் எழுமாயின் குழிவு போதாது. மேல்மெட்டுக்களில் எழுமாயின் குதிரை தாழ்ந்துளது. திறந்த தந்தியில் மட்டும் எழுமாயின் நட்டின் பள்ளம் ஆழ்ந்துளது. ஒரே இடத்தில் எழுமாயின் அதற்கடுத்த மெட்டு எழும்பியுளது. நட்டினையும் மெட்டினையும் அரத்தால் அராவுதல் மட்டும் கைதேர்ந்த தொழிலாளர்க்கே உரியது. அராவியது மீண்டும் வளராதன்றோ? ட்ரஸ் ராடின் மறை இறுகி அசையாதபோது வலிந்து திருகுவதும் அத்தகையதே. கம்பி அறுந்தாற் கழுத்தே பயனற்றுப் போதலும் கூடும்.

நிற்க, எல்லார்க்கும் ஏற்ற உயரம் ஒன்று உண்டோவெனின், இல்லை என்போம். மெல்ல மீட்டுவோர்க்குத் தாழ்ந்த தந்தி இன்பம் தரும். வன்மையாக மீட்டுவோர்க்கு அதுவே இரைச்சலாகும். மிகத் தாழ்த்தின் விரலுக்கு எளிமை கிட்டும், ஒலியின் கம்பீரம் குன்றும். சபையிலோ கல்லூரி மன்றத்திலோ பலர் கையாளும் கருவிக்கு நடுத்தர உயரமே நன்று. மேலும் மரம் மழையில் ஈரம் உண்டும், கோடையில் உலர்ந்தும் வேறுபடுமாதலின், பருவந்தோறும் ஒருமுறை அளந்து பார்த்தல் வேண்டும்.

கருவியைத் திருத்திய அளவிலே பயிற்சி வேண்டாவாயிற்று என்பது எம் கருத்தன்று. பயிற்சியின் பயன் வீண்போகாவண்ணம் காத்தலே திருத்தத்தின் பயன். ஆதலின், தம் விரல்களைப் பழித்துக் கருவியைச் சுவரோரம் சாத்திவைத்த நண்பர் எவரேனும் உளராயின், அவர் முதலில் ஓர் அளவுகோலைக் கையிலெடுத்து 17ஆம் மெட்டின் மேல் நிறுத்திப் பார்ப்பாராக.