தண்ணீர் இல்லாத கரையில் ஒரு கேரவன்

மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகரான பேர்த்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 1,250 கிலோமீற்றர் போனால் எக்ஸ்மவுத் என்ற சிறிய ஊர் வரும். காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது இரண்டு நாள் ஓட்டம். இருட்டிய பிறகு கங்காருக்கள் வீதிக்குக் குறுக்கே பாயும் என்பதால் பலர் மாலையானதும் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள். கார்னார்வன் நகரைத் தாண்டினால் எரிபொருள் நிலையங்களும் அரிது. இவ்வளவு தூரம் ஓடிப்போய் அவர்கள் சேர்வது மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத ஒரு மணல்துண்டை. அந்த மணல்துண்டுக்குத்தான் ஆறு மாதத்துக்கு முன்பே இணையத்தில் போட்டி நடக்கிறது.

காரணம், கரையில் நின்று பார்த்தால் தெரியும் வெள்ளை நுரைக்கோடு. அதுதான் நிங்கலூ முருகைக்கற்பாறையின் விளிம்பு. ஏறக்குறைய 260 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையை ஒட்டியே ஓடுகிறது. கிழக்குக் கரையிலுள்ள புகழ்பெற்ற பெருந்தடுப்புப் பாறையைப் பார்க்கப் பெரும்பாலும் படகேறிப் போகவேண்டும். இங்கே சில இடங்களில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிச் சில நிமிடம் நீந்தினாலே போதும். 2011இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இப்படியொரு பாறை அந்த இடத்தில் இருப்பதே புதுமைதான். கண்டங்களின் மேற்குக் கரைகளில் பொதுவாகக் குளிர்நீரோட்டங்களே ஓடும். பெருவிலும் நமீபியாவிலும் பெரிய முருகைக்கற்பாறைகள் இல்லாததற்கு அது ஒரு முக்கிய காரணம். மேற்கு அவுஸ்திரேலியாவில் மட்டும் லூவின் நீரோட்டம் வடக்கிலிருந்து இளஞ்சூடான நீரைத் தெற்கே கொண்டுவருகிறது. இரண்டாவது காரணம் வறட்சி. மழை மிகக் குறைவு, வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஆகவே சேறும் உரமும் கடலில் கலப்பது குறைவு. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து கிடக்கிறது. முகாமிடுகிறவரை வாட்டும் அதே வறட்சிதான் முருகைக்கல்லை இவ்வளவு அருகில் வாழவைத்திருக்கிறது.

கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவுக்குள் ஒஸ்பிரே பே, குராஜோங், யார்டி கிரீக் என்று வரிசையாகச் சிறு முகாம்கள் உண்டு. முன்பதிவு 180 நாட்களுக்கு முன்னர் திறக்கும். வெயில் தணிந்த ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை இடம் கிடைப்பது கடினம். மலசலகூடம் இருக்கும், குடிநீர் இருக்காது. விறகு மூட்டக்கூடாது, நாயைக் கொண்டுவரக்கூடாது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கழுவுவதற்கும் வேண்டிய தண்ணீரைக் கேரவனின் தாங்கியிலேயே கொண்டுவர வேண்டும். தாங்கி வற்றினால் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். தெற்கே பழைய ஆட்டுப்பண்ணை நிலங்களையொட்டிய கரைகளில் இன்னும் கடினம்: வாருரா போன்ற இடங்களில் மலசலகூடத்தையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். விடுமுறை என்றதும் நாம் மனதில் நினைக்கும் படத்துக்குள் கழிவுப்பெட்டியைச் சுமந்துபோய்க் கொட்டும் காட்சி வருவதில்லை. அங்கே அதுவும் விடுமுறையின் ஒரு பகுதி.

கடலுக்கும் அதன் ஒழுங்கு உண்டு. டேர்கொய்ஸ் பே என்ற குடாவில் பாறையின் மேலாக அலைகள் தள்ளிவிடும் நீர் உள்ளே நிரம்புகிறது. வெளியேற அதற்கு இருப்பது பாறையிலுள்ள இடைவெளி மட்டுமே. அதனால் கரையோரமாக ஒரு நீரோட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும். தெற்கு முனையில் இறங்கி, நீரோட்டம் போகிற போக்கில் முருகைக்கற்களையும் மீன்களையும் பார்த்தபடி மிதந்து, மணல்திட்டுக்கு முன்னரே கரையேறிவிட வேண்டும். தவறவிட்டால் அது அந்த இடைவெளியினூடாக ஆழ்கடலுக்கு இழுத்துப்போகும்.

இந்தக் கரை இப்படி வெறுமையாக இருப்பது தற்செயல் அல்ல. கோரல் பேக்கு அருகே மோட்ஸ் லாண்டிங்கில் படகுத்துறையும் உல்லாச விடுதிகளும் கட்டும் திட்டம் ஒன்று இருந்தது. எழுத்தாளர் டிம் வின்டன் உட்படப் பலர் முன்னின்று எதிர்க்க, 2003இல் மாநில அரசு அதை நிராகரித்தது. 2015இல் பண்ணைக் குத்தகைகள் முடிந்தபோது, கரையோரப் பட்டியைப் பாதுகாப்புக்கும் சுற்றுலாவுக்குமாக அரசு பிரித்தெடுக்க முனைந்தது; பண்ணைக்காரர் சிலருடன் இழுபறியும் நடந்தது. இத்தனை வாதங்களிலும் நிலத்தின் ஆதிக்குடிகளான பையுங்கு, யிங்கார்டா, தலாஞ்சி மக்களின் குரல் பிந்தியே கேட்டது. அவர்களது பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் அங்கீகரித்தது 2019இல்தான். இன்று கரையோர ஒதுக்கிடங்கள் நியிங்குலு என்ற அவர்களது பெயரில், அவர்களும் சேர்ந்து நிர்வகிக்கும் இடங்களாகியிருக்கின்றன.

விடுதி வராமல் போனதால் கரை சாதாரண மக்களுடையதாகிவிட்டதா? பாதிதான். கேரவன் மலிவான பொருள் அல்ல. மாதக்கணக்கில் முகாமடிக்க நேரமுள்ளவர்கள் பெரும்பாலும் 'நரைத்தலை நாடோடிகள்' என்று அங்கே செல்லமாக அழைக்கப்படும் ஓய்வுபெற்றவர்கள். பாடசாலை விடுமுறையை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்கள் முன்பதிவுத் திரையில் தோற்றுப்போகின்றன. இருந்தாலும் இடங்களைக் கூட்டுவது தீர்வென்று எனக்குத் தோன்றவில்லை. மிதிபட்டால் முருகைக்கல் என்னவாகும் என்பதை அறிய அவுஸ்திரேலியா போகத் தேவையில்லை, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குப் போனால் போதும்.

ஆனால், எந்த முன்பதிவாலும் கட்டுப்படுத்த முடியாத ஒன்று 2025இன் தொடக்கத்தில் வந்தது. நீடித்த கடல் வெப்ப அலையில் நிங்கலூவின் முருகைக்கற்கள் கடுமையாக வெளிறின; அதே காலத்தில் கிழக்கே பெருந்தடுப்புப் பாறையும் வெளிறியது. முருகை உயிரிக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசியை, வெப்பம் மிஞ்சும்போது அந்த உயிரியே வெளியேற்றிவிடுகிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் மீளலாம். வாரக்கணக்கில் நீடித்தால் பட்டினியில் இறக்கும். 1998இல் ஹிக்கடுவையில் நடந்ததும் இதுவே.

பேர்த்திலிருந்து போய்வர 2,500 கிலோமீற்றர். கேரவன் இழுக்கும் வண்டி நூறு கிலோமீற்றருக்கு 16 லீற்றர் குடித்தாலும் அது 400 லீற்றர் டீசல். பாறையைப் பார்க்கப் போகிறவரின் புகையும் கணக்கில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் அளவு முக்கியம். நிங்கலூவுக்கு வடகிழக்கே அதே மாநிலத்தில் இயங்கும் நோர்த் வெஸ்ட் ஷெல்ஃப் எரிவாயுத் திட்டத்தை 2070 வரை நீடிக்கக் கூட்டாட்சி அரசு 2025 செப்டெம்பரில் ஒப்புதல் அளித்தது. முருகைக்கற்கள் வெளிறியதும் அதே வருடத்தில்தான்.

முகாம்கள் மூடப்படவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை பேராமையும் பெருந்தலை ஆமையும் அழுங்காமையும் முட்டையிடக் கரையேறும் மாதங்கள். அப்போது அங்கே தங்குவோர் இரவில் கடற்கரைப் பக்கம் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மார்ச்சில் திமிங்கிலச் சுறாக்கள் வரத் தொடங்கும். முன்பதிவுத் திரையில் ஒஸ்பிரே பே இப்போதும் சில நிமிடங்களில் நிரம்பிவிடுகிறது.