பெயரை எழுதியவர் யார்? மூதாதையர் தேடலில் எழுத்தும் ஒலியும்

பினாங்கில் வாழ்ந்து மறைந்த எம் கொள்ளுப்பாட்டனார் ஒரு பொற்கொல்லர். அவர் விட்டுச் சென்றவற்றுள் இன்று எம்மிடம் எஞ்சியிருப்பவை இரண்டே: ஓர் ஊதுகுழல், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் அடமானப் பத்திரம். அப்பத்திரத்தின் ஆண்டு 1889. அதில் அவர் பெயர் இருக்கிறது என்பதால் எம் குடும்பத்தார் அதைப் போற்றி வைத்தனர். அந்தப் பெயர் அவருடையதுதானா என்று ஐயுற யாருக்கும் தோன்றவில்லை. மொழியியலை வாழ்நாள் தொழிலாகக் கொண்ட எமக்கும் நெடுங்காலம் தோன்றவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்த தமிழருள் கைவினைஞரையும் சிறுவணிகரையும் தேடிக் காண்பது கடினம். ஒப்பந்தத்தின்கீழ் வந்த தோட்டத் தொழிலாளரைப் பற்றி அரசு ஏடுகள் வைத்திருந்தது. தம் செலவில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தச்சருக்கும் தட்டாருக்கும் ஒப்பந்தத்தாள் ஏது? 1871ஆம் ஆண்டிலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட குடிக்கணக்கும் உதவாது. அச்சான ஏடுகளில் தொகை உண்டு, பெயர் இல்லை. ஆகவே நாம் நாட வேண்டியவை பத்திரங்கள், நீதிமன்ற ஆவணங்கள், திருமுழுக்குப் பதிவேடுகள், பழைய செய்தித்தாள்கள் ஆகியவையே. செய்தித்தாள்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருப்பதால் வீட்டிலிருந்தே தேடலாம். ஆனால் தேடுவதற்கு எழுத்துக்கூட்டல் தெரிந்திருக்க வேண்டுமே! இடர் அங்கேதான் தொடங்குகிறது.

பதிவேட்டில் உள்ளது மூதாதையரின் பெயர் அன்று. ஓர் எழுத்தரின் செவியில் விழுந்த ஒலி. அவர் ஆங்கிலேயராகவோ யுரேசியராகவோ சீனராகவோ இருந்திருக்கலாம். தமிழின் ளகரமும் ழகரமும் லகரமும் அவருக்கு ஒன்றே. ‘பிள்ளை’ என்பது அவர் கையில் பில்லே ஆகும், புல்லி ஆகும். சிங்கப்பூர் வரலாற்றில் யாவரும் அறிந்த ஒருவரையே சான்றாகக் கொள்ளலாம். 1819இல் இராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்து, செங்கற்சூளை அமைத்து, துணிக்கடையும் நடத்தி, 1827இல் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த நாராயண பிள்ளையை நாம் இன்றும் ‘நரைனா’ என்றே ஆங்கிலத்தில் எழுதுகிறோம். இத்துணைப் புகழுடையவர்க்கே இந்நிலை என்றால், அடமானம் வைத்த பொற்கொல்லர் எம்மாத்திரம்?

தொழிற்பெயர்களில் இடறுவோர் இன்னும் மிகுதி. தட்டாரைப் ‘பத்தர்’ என்று அழைப்பது தமிழ் வழக்கு. ஆங்கில எழுத்தர் தகரத்துக்கும் டகரத்துக்கும் ஒரே எழுத்தைத்தான் இடுவார். நூறு ஆண்டு கழித்து அதைப் படிக்கும் கொள்ளுப்பேரன் ‘பட்டர்’ என்று படித்து, தம் முன்னோர் கோயில் அருச்சகர் என்று மகிழக்கூடும். அவ்வாறே ‘செட்டி’ என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் நகரத்தார் என்று முடிவு கட்டுதலும் தவறு. கடை வைத்த எவரையும் அச்சொல்லால் குறித்த எழுத்தர் உண்டு. இவ்வகைப் பிழைகளில் குடும்பப் பெருமை கலந்துவிடுவதால் அவற்றைத் திருத்துவது எளிதன்று.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதும் தேடுவோர்க்கு ஒரு தடை. எனினும் நம் வழக்கிலேயே ஒரு துணையும் உண்டு. ‘பேரன்’ என்ற சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன். முத்துவின் மகன் இராமசாமி, இராமசாமியின் மகன் முத்து என்று பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பும். அதனால் ஒரு பதிவில் தந்தை பெயர் கிடைத்தால், மூத்த பேரனின் பெயரை ஓரளவு ஊகிக்கலாம். பாட்டனையும் பேரனையும் ஒருவராகக் கொண்டு மயங்காமல், ஆண்டையும் உடன் பார்க்க வேண்டும்.

ஆண்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எம் பாட்டி, “தாது வருசத்தில கப்பல் ஏறினவரு” என்று அடிக்கடி கூறுவார். வெறும் பேச்சு என்று யாம் இளமையில் கருதினோம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது என்பது 1876–77. தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டிய ஆண்டு. அதற்கு முந்திய தாது 1816–17. பத்திரம் 1889க்கு உரியதாகையால் எது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. உண்ண வழியின்றி மக்கள் நகைகளை விற்ற காலத்தில், புதுநகை செய்யச் சொல்வார் யார்? ஒரு பொற்கொல்லர் ஊரைவிட்டுப் புறப்பட்டதன் காரணத்தை எந்த அரசுப் பதிவேடும் எமக்குச் சொல்லவில்லை. பாட்டியின் ஒரு சொல் சொல்லிற்று.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். ஆங்கில வாசகத்தில் இருந்த பெயரை எம் தந்தையார் ‘வீரப்பன்’ என்று படித்தார். அவர் சிறு வயதிலேயே தம் தந்தையை இழந்தவர். ஆங்கிலப் பள்ளியில் மட்டுமே பயின்றவர். தலைமகன் பிறந்தபோது மூதாதையின் பெயர் என்று அதையே இட்டார். எம் அண்ணனார் அவ்வாறு வீரப்பன் ஆனார்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் யாம் அப்பத்திரத்தின் இறுதிப் பக்கத்தைப் பார்த்தோம். அடியில் தமிழில் ஒரு கையெழுத்து. ‘வயிாபபன’ என்று தோன்றிற்று. அக்காலக் கையெழுத்தில் புள்ளி இடுவதில்லை; ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். புள்ளிகளை இட்டு, காலை ரகரமாகக் கொண்டால், வயிரப்பன். வயிரம் என்றாலும் வைரம் என்றாலும் ஒன்றே. ஆங்கில எழுத்தர் பிழை செய்யவில்லை. வகரத்தை அடுத்து அவர் இட்ட எழுத்து ஆங்கிலத்தில் ‘ஐ’ என்றும் ஒலிக்கும், ‘ஈ’ என்றும் ஒலிக்கும். அவர் ஐ என்று கேட்டு எழுதினார். எம் தந்தையார் ஈ என்று படித்தார். அவ்வளவே. ஒன்பது ஆண்டுகளாக வீரப்பன் என்ற பெயரை ஏடு ஏடாகத் தேடியவர் யாமும்தான். பத்திரத்தின் முதற்பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தோம்.

ஆகவே தேடுவோர்க்கு யாம் முதலில் கூறுவது: ஆங்கில வாசகத்தைப் பின்னர்ப் படியுங்கள், அடியில் தமிழ்க் கையெழுத்து உள்ளதா என்று முதலில் பாருங்கள். மூதாதையர் தம் கையாலேயே எழுதிய ஒரே சொல் அதுவாக இருக்கக்கூடும். பிறகு அப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதக்கூடுமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வயிரப்பனுக்கு எம் தாளில் பதினான்கு வடிவங்கள் உள்ளன.

கண்டதை அண்ணனாரிடம் சொல்லத் தயங்கினோம். தந்தையார் மறைந்த நாள்முதல் ஆடி அமாவாசைதோறும் எள்ளும் நீரும் இறைப்பவர் அவர். தந்தை, பாட்டன், கொள்ளுப்பாட்டன் என மூவர் பெயரைச் சொல்ல வேண்டிய அச்சடங்கில் மூன்றாம் பெயராக அவர் சொல்லி வந்தது இத்தனை காலமும் வீரப்பன். கையெழுத்தைப் பெரிதாக்கிய படியை அவர்முன் வைத்தோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப, நாப்பது வருசமா நான் யாருக்குத் தண்ணி இறைச்சேன்?” என்றார். எம்மிடம் விடை இல்லை. சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: “சரி தம்பி, ஒரு தாள்ல பெருசா எழுதிக் குடு. புள்ளியெல்லாம் வச்சு எழுது. ஐயரு தப்பாப் படிச்சிடப் போறாரு.”