சீர்காழியார் எந்தப் பக்கம்?

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் கோயில்களில் திருவிழா என்றால், பொழுது விடியுமுன்பே ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைக் கூப்பிட்டுவிடுவார். ரிங்லெட் பக்கத்தில், ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரிடம் அவரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “சீர்காழியா? அவரு சாமிப் பாட்டுக்காரரு தம்பி” என்றார். அவருடைய தங்கச்சி விடவில்லை. “எம்.ஜி.ஆருக்கே பாடினவருண்ணே! சினிமாக்காரரு.”

சென்னையில் இந்த வழக்கு இன்னும் பழையது. சபா ரசிகர்கள் பலருக்கு அவர் சினிமாப் பாடகர். சினிமா ரசிகர்கள் பலருக்கோ அவர் கச்சேரிக் குரல். இரண்டு வீட்டிலும் அவரை விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

1964-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘கர்ணன்’ படத்தில், அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கும் கர்ணனைப் பார்த்துக் கண்ணன் பாடுவதாக ஒரு பாட்டு. ராகம் சக்கரவாகம். தாளம் தட்டிக் கேட்க யாருக்கும் தோன்றாது; கண் கலங்கிவிடும். அதே ஆண்டில்தான் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் பெயரைச் சொல்லியே தொடங்கும் அந்தக் குறும்புப் பாட்டும் வந்தது. இரண்டுக்கும் இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. இரண்டிலும் சீர்காழியார் குரலை ஒளிக்கவில்லை, அடக்கவும் இல்லை.

1972-இல் வந்த ‘அகத்தியர்’ படத்தில் அகத்தியராக அவரே நடித்தார். இராவணனுக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாட, இருவருக்கும் இசைப் போட்டி. ராகங்களின் பெயர்களைப் பாட்டு வரிகளிலேயே பொதிந்து வைத்திருப்பார்கள். பெயர் வரும் இடத்தில் அந்த ராகமே ஒலிக்கும். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் அது. சபா எதையும் பார்த்திராத லயத்து வீடுகளுக்குத் தோடியும் ஆரபியும் கல்யாணியும் வந்து சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று.

அப்படியானால் அவர் எந்தப் பக்கம்? தமிழிசைப் பக்கம் என்பேன். அவர் பிறந்த (1933) சீர்காழி, ஞானசம்பந்தர் அவதரித்த ஊர். தமிழிசை மூவரில் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் அந்த ஊரோடு சேர்த்தே பேசப்படுகிறவர்கள். கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளில் நாடகம், பக்தி, ராகம் மூன்றும் ஒன்றாகவே நடக்கின்றன. அதை யாரும் துண்டு போட்டுப் பார்த்ததில்லை. கோவிந்தராஜன் படித்ததும் சென்னைத் தமிழிசைக் கல்லூரியில். ‘இசைமணி’ பட்டம் அங்கே வாங்கியது. குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை புல்லாங்குழல் மேதை என்றாலும், நாகசுரக் குடும்பத்தில் வந்தவர். சீடரின் மேல்ஸ்தாயியில் திறந்த வெளிக்கென்றே பிறந்த நாகசுரத்தின் வீச்சை நான் கேட்கிறேன். மலைச்சரிவுத் தோட்டங்களில் அந்தக் குரல் எடுபட்டதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

1988-இல் அவர் மறைந்தார். கேமரன் மலையும் மாறிவிட்டது; அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் இப்போது வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் திருவிழாவுக்கு மலையேறி வரும்போது, பக்திப் பாடல் தொகுப்பில்தான் சீர்காழியாரைச் சந்திக்கிறார்கள். அதோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசியில் முதலில் அந்தக் கர்ணன் பாட்டைப் போடுங்கள். இடைவெளி விடாமல் ‘காதலிக்க நேரமில்லை’. பிறகு, நேரம் இருந்தால், அகத்தியரின் போட்டிப் பாட்டு முழுவதும்.