நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? முதலில் கை தட்டிப் பாருங்கள்!

"நாய் வளர்ப்பதெல்லாம் ஒரு விஷயமா?" என்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன். என் அனுபவம் ஒருவருக்காவது உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். ஏரிக்கரையில் ஒரு அம்மா, உயரமான சுருட்டை முடி நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார். 'பூடில்' என்றார். என் மகள் அங்கேயே, "அம்மா, எனக்கும் இதே மாதிரி வேணும்" என்று அடம். அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார்: "முடி அதிகம் உதிராது. ஆனா வளர்ந்துக்கிட்டே இருக்கும். தினமும் சீவணும். மாசம், ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை வெட்டி விடணும். விட்டா சடை பிடிச்சு தோல் புண்ணாயிடும்." என் தலையை வாரிக்கொள்ளவே எனக்கு நேரமில்லை, நாய்த் தலையை யார் வாருவது?

என் வீட்டுக்காரர், "நம்ம பக்கத்து ராஜபாளையம் நாய் இருக்க வெளிநாட்டு நாய் எதுக்கு?" என்றார். 2005ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த இனமாயிற்றே! பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது. முப்பத்தைந்து நாள் குட்டியைத் தூக்கி வந்துவிட்டோம்.

தீபாவளிக்குத் தெருவே அதிர்ந்தது. இது மட்டும் அசையாமல் தூங்கியது. "தைரியசாலி" என்று பெருமைப்பட்டோம். அத்தைதான், "குக்கர் விசிலுக்குக்கூட திரும்ப மாட்டேங்குதே, டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றார். கால்நடை டாக்டர் அதன் முதுகுப்பக்கம் நின்று கை தட்டினார். காதை ஆட்டவில்லை. பிறவியிலேயே செவிடு!

முழு வெள்ளை நாய்களில் இது வரக்கூடியதாம். நிறம் கொடுக்கும் அணுக்கள் காதுக்குள்ளும் வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடுகிறது என்றார். விற்றவரிடம் கேட்டதற்கு, "பார்த்துத்தானே வாங்குனீங்க?" என்று கையை விரித்துவிட்டார்.

அடுத்த வாரமே ஒரு சோதனை. தூங்கிய நாயைப் பின்னாலிருந்து என் மகன் தொட, அது பதறி விரலைக் கடித்துவிட்டது. நாய்க்கு ஊசி போட்டிருந்தோம். இருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றைக்கு, 3ம் நாள், 7ம் நாள், 28ம் நாள் என்று ஊசி போட்டு முடித்தோம்.

அன்று ராத்திரி இவர் சங்கிலியை எடுத்தார். "பைபாஸ் பக்கம் விட்டுட்டு வந்துடுறேன்." எனக்கும் பிள்ளைதான் பெரிது. ஆனாலும் வாசலை மறித்து நின்றேன். "லாரி ஹாரன் கேக்காத ஜீவனை ரோட்டுல விடுறதும் கொல்லுறதும் ஒண்ணுதாங்க. வாங்குனது நாம. அது என்ன தப்பு பண்ணுச்சு?" அவர் பதில் பேசவில்லை. சங்கிலியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

இப்போது அது கையசைவுக்கு உட்காரும், வரும். எழுப்ப வேண்டுமானால் தரையைத் தட்டுவோம், அதிர்வு தெரிந்து விழிக்கும். தூங்கும்போது பிள்ளைகள் யாரும் தொடுவதில்லை. சங்கிலி இல்லாமல் தெருவுக்கு விடுவதும் இல்லை.

குட்டி வாங்கப் போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

* குட்டி பார்க்காத பக்கம் நின்று கை தட்டுங்கள். தட்டைத் தட்டுங்கள். ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். கூட்டத்தில் ஒன்றைப் பார்த்து மற்றது திரும்பிவிடும்.

* எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தால்தான் கடியை அடக்கப் பழகும்.

* தடுப்பூசியும் பூச்சி மருந்தும் டாக்டர் சொன்ன தேதியில் போடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் ஆரம்பித்து, பிறகும் தவறாமல் தொடர வேண்டும். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

* நம்ம ஊரில் ஞாயிறு என்றால் பிரியாணிதான். மிச்சத்தை நாய்க்குப் போடாதீர்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் ரத்த அணுக்களை அழிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் விஷம்.

* ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கு ஓடிய இனங்கள். ஓட இடமில்லாமல் நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் சிடுசிடுப்பாகிவிடும். வெயில் ஏறுமுன் காலையிலும், தரை ஆறிய பின் மாலையிலும் நடத்திக்கொண்டு போங்கள்.

* பிள்ளைகள் கேட்டு வாங்கினாலும், பத்து பன்னிரண்டு வருடம் சோறு வைப்பதும் கழுவி விடுவதும் நம் கைதான். "என்னால் முடியுமா?" என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். ஒரு பூட்டு வாங்கினால்கூட நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறோம். உயிருள்ள ஒன்றை வாங்கும்போது அந்த நிதானம் எனக்கு இல்லாமல் போனது. உங்களுக்காவது இருக்கட்டும், சகோதரிகளே!

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.