பலநாட் கடற்பயணமும் தூண்டிற் கருவிகளும்

செங்கலடியில் வாழும் எம்மனோர்க்கு மீன்பிடி என்பது பெரும்பாலும் வாவியோடு முடிந்துவிடும் தொழிலாகும். மாலையில் தோணி தள்ளிச் சென்றவர் விடியுமுன் வீடு திரும்புவர். வீச்சுவலை கிழிந்தால் மறுநாள் முற்றத்து வேம்பின் கீழிருந்து பொத்திக்கொள்வர். தூண்டில் அறுந்தால் அறுந்ததே. ஒருநாட் கறிக்கு மேல் இழப்பில்லை. ஆனால் சந்தியிலிருந்து வடக்கே பேருந்தேறி வாழைச்சேனைத் துறைமுகத்தை அடைவோமாயின், அங்கே நாம் காணும் தொழில் வேறு. இரண்டு, மூன்று வாரங்களுக்குக் கரையையே காணாது கடலில் தங்கும் பலநாட் படகுகள் அங்கு நிற்கின்றன. அவற்றில் ஏற்றப்படும் கருவிகளுள் ஒன்று பழுதாயினும் வாங்குதற்குக் கடையில்லை. ஒன்று தவறாகத் தெரியப்பட்டிருப்பின் அத்தவறு பயணம் முடியும்வரை உடன்வரும். ஆதலின் கருவிகளைத் தெரிதலும் கையாளுதலும் அங்கே ஒரு கல்வியாகவே அமைந்துள்ளன.

யான் கடற்றொழிலாளன் அல்லேன். இக்கட்டுரைக்கு என்னைத் தூண்டியவர் முன்னொருகால் என்னிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர். உறவினர் இருவரோடு பங்கு சேர்ந்து ஒரு படகை எடுத்து, கடனுக்குத் தூண்டிற் கயிறு வாங்கி முதற்பயணம் போனார். உறையில் இரண்டு மில்லிமீற்றர் என்று எழுதியிருந்த கிளைக்கயிறு உண்மையில் அதனினும் மெல்லியதாயிருந்தது. பெருமீன்கள் பலவற்றை அது படகின் விளிம்பில் வைத்தே இழக்கச் செய்தது. திரும்பி வந்து, "சேர், மீன் இல்லாமல் கடன்படவில்லை; மீன் இருந்தும் கடன்பட்டேன்" என்றார். கடையில் ஒரு நுண்ணளவியை வைத்துப் பார்த்திருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது. அக்கருவியை விஞ்ஞானக் கூடத்தில் அவரே பலமுறை கையாண்டவர் என்பதை எண்ணும்போது, யாம் கற்பித்த முறையிலேதான் குறையுண்டோ என்று ஐயுறுகின்றேன்.

கடலிற் பெருமீனைத் தொடர்தல் தமிழர்க்குப் புதியதன்று. குறுந்தொகையின் 304ஆம் செய்யுள், திமிலிற் சென்ற பரதவர் மூங்கிற் காம்பிட்ட எறியுளியைக் கோட்டுமீன்மேல் எறிந்ததைக் கூறுகின்றது. அதனைப் பாடியவர் கணக்காயன் தத்தனார், அஃதாவது எம்போன்ற ஓர் ஆசிரியர் என்பது எமக்கு உவப்பளிக்கும் செய்தியாம். எனினும் எறியுளியின் காலத்திலிருந்து இன்றைய முறைக்கு வந்த பாய்ச்சல் அண்மைக் காலத்தது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட நைலோன், பருத்தி நூலையும் சணற் கயிற்றையும் கடலிலிருந்து அகற்றியது. 1950களின் பிற்பகுதியில் இலங்கையிற் சிறு யந்திரப் படகுகள் புகுந்தன. 1980களிற் பனிக்கட்டி அறையுடன் கூடிய பலநாட் படகுகள் பெருகின. எமது கீழ்க்கரை அவ்வளர்ச்சியிற் பின்தங்கியமைக்குக் காரணம் கூறவேண்டுவதில்லை. போர்க்காலக் கட்டுப்பாடுகளும் 2004 மார்கழியில் வந்த ஆழிப்பேரலையும் யாவரும் அறிந்தவையே.

படகுடையார் முதலில் விடை காணவேண்டிய வினா, வலையா தூண்டிலா என்பது. பெருங்கண் கொண்ட மிதப்புவலை அந்தி வேளையில் விரிக்கப்பட்டு விடியலில் இழுக்கப்படும். அதற்கு இரை வேண்டியதில்லை. கூட்டமாகத் திரியும் சிறுசூரைக்கு அது ஏற்றது. இரைக்குச் செலவாகும் பணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் வலையையே நாடுவதில் வியப்பில்லை. ஆயின் வலையில் நெரியுண்ட மீன் விரைவில் இறந்து, 28 பாகை அளவு வெப்பமுள்ள மேற்பரப்பு நீரிற் பல மணிநேரம் கிடக்கின்றது. சூரையின் தசையில் வெப்பத்தால் ஹிஸ்ரமின் என்னும் பொருள் உண்டாகும். ஒருமுறை உண்டானபின் சமைத்தாலும் அது நீங்காது. பனிக்கட்டியும் அதனைக் குறைக்காது. தூண்டிலில் அகப்பட்டதோ பெரும்பாலும் உயிரோடு படகேறும். ஏற்றுமதிச் சந்தை தூண்டில் மீனுக்கு உயர்விலை கொடுப்பதன் காரணம் இதுவே.

சட்டமும் இவ்வினாவிற் புகுந்துள்ளது. இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட மிதப்புவலையைச் சர்வதேசக் கடலிற் பயன்படுத்தலாகாது என்ற ஐக்கிய நாடுகளின் தீர்மானம் 1992ஆம் ஆண்டு இறுதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு அவ்விதியை 2022 முதல் நாடுகளின் சொந்தப் பொருளாதாரக் கடல் வலயங்களுக்கும் விரித்தது. ஆழ்கடற் படகுகள்மேற் கண்காணிப்புப் போதாது என்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு விதித்த தடை, 2016ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. நீண்ட வலையொன்றில் முதலிடுபவர் இவற்றை எண்ணிப் பார்த்தல் நன்று. என் மாணவர்க்கு யான் கூறியது, குறுகிய வலையொன்றை இரைமீன் பிடிப்பதற்கென வைத்துக்கொண்டு, முதலைத் தூண்டிலில் இடுக என்பதே.

இனி நெடுங்கயிற்றுத் தூண்டிலின் அமைப்பை நோக்குவோம். மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள தாய்க்கயிறு ஒன்று கடலிற் கிடையாக ஓடும். அதனை இடையிடையே மிதவைகள் தாங்கும். இரு மிதவைகளுக்கு நடுவே ஐந்தோ ஆறோ கிளைக்கயிறுகள் தொங்க, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தூண்டில் இருக்கும். ஐம்பது மீற்றருக்கு ஒன்றாக ஐந்து கிளைகள் கட்டினால், இரு மிதவைகளுக்கிடையே தாய்க்கயிறு 300 மீற்றராகும். 600 தூண்டில் கொண்டதொரு தொகுதிக்கு 36 கிலோமீற்றர் கயிறு வேண்டும். செங்கலடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் சென்று மீளும் தூரத்திலும் அது குறைந்ததன்று.

இங்கேதான் கணிதம் படகில் ஏறுகின்றது. இரு முனையிலும் தாங்கப்பட்ட கயிறு நடுவிலே தொய்ந்து சங்கிலி வளைகோடாக அமையும். 300 மீற்றர் கயிற்றை 285 மீற்றர் இடைவெளியில் மிதவையிட்டு விட்டால் நடுப்பகுதி ஏறத்தாழ 40 மீற்றர் தாழும். அதே கயிற்றை 240 மீற்றர் இடைவெளியில் விட்டால் 80 மீற்றர் தாழும். மிதவைக் கயிறு 20 மீற்றரும் கிளைக்கயிறு 25 மீற்றரும் ஆயின், நடுத்தூண்டில் முதல் வகையில் 85 மீற்றரிலும் இரண்டாவதில் 125 மீற்றரிலும் நிற்கும். புதுக் கயிறோ புதுத் தூண்டிலோ வாங்காமல், கயிறு விடும்போது படகின் வேகத்தைச் சற்றுக் குறைத்தலாலேயே 40 மீற்றர் ஆழம் கிடைக்கின்றது! நீரோட்டம் இக்கணக்கைக் குறைத்துவிடும். கயிறு பக்கவாட்டில் வளைந்து மேலெழும். ஆதலின் கணக்கிட்ட ஆழம் ஓர் உச்ச எல்லையேயன்றி உறுதியன்று. எனினும் மஞ்சள் துடுப்புச் சூரை பெரும்பாலும் மேலடுக்கு நீரில் திரிவதும், பெருங்கண் சூரை பகலில் இருநூறு மீற்றருக்குக் கீழே இறங்குவதும், வாள்மீன் இரவில் மேலே வருவதும் அறிந்தவர்க்கு இக்கணக்கின் பயன் விளங்கும். வாள்மீனை நாடுவோர் அந்தியில் மேலாகக் கயிறு விட்டு, கணவாயை இரையாகக் கோத்து, சிறு ஒளிக்குழாயையும் கட்டுவர்.

கிளைக்கயிற்றுக்குத் தங்கூசியே ஏற்றது. அது நீரில் எளிதிற் புலப்படாது. இழுபட்டு நீண்டு மீனின் திடீர் வீச்சைத் தாங்கும். ஆனால் அதற்கு இரு பகைகள் உள. ஒன்று வெயில். மேல்தளத்தில் மூடாது கிடந்த தங்கூசி சில மாதங்களில் வெளிறிச் சொரசொரப்பாகும், அதனை நம்பலாகாது. மற்றையது முடிச்சு. முடிச்சிட்ட இடத்திற் கயிறு தன்னைத்தானே நெரிப்பதால் வலிமை குறைகின்றது. உலர்ந்தபடியே இறுக்கினால் உராய்வின் சூட்டினால் மேலும் குறையும். வாவித் தூண்டிற்காரர் முடிச்சை வாயில் வைத்து நனைத்து இறுக்குவது வெறும் பழக்கமன்று, பௌதிகம். பெருமீன் தூண்டிலுக்கு முடிச்சை விடுத்து, சிறு உலோகக் குழாயினுள் கயிற்றை மடித்துச் செருகி, அதற்குரிய குறட்டால் நெரித்துப் பொருத்துவர். குழாயின் துளை கயிற்றின் தடிப்புக்குச் சரியாயிருத்தல் வேண்டும். குழாயின் விளிம்புகளை நெரிக்காது விடுதல் நன்று. கூர்விளிம்பு கயிற்றை அறுக்கும். கம்பியாலான கிளைமுனை சுறாவைத் தப்பவிடாது. அதுவே அதன் குறையுமாகும். உடலளவு நீண்ட வாலையுடைய சுறாவினத்தைப் பிடித்தல் இலங்கையில் 2012 முதல் தடுக்கப்பட்டுள்ளமையால், தங்கூசி முனையே அறிவுடைமை.

தூண்டில் முள்ளிற் பழையது, நுனி காம்புக்கு ஒப்ப நேராக நிற்கும் வளைமுள். புதியது வட்டமுள்; அதன் நுனி உட்புறமாகக் காம்பை நோக்கித் திரும்பியிருக்கும். பார்த்தவுடன், இது எதனைக் குத்தும் என்று நகைக்கத் தோன்றும். மீன் இரையை விழுங்கி விலகும்போது, இம்முள் தொண்டையிற் பற்றாது வழுகி வந்து வாயின் ஓரத்திற் கொளுவும். ஆகவே மீன் உயிரோடிருக்கும், தப்புவதும் அரிது. தவறி அகப்படும் கடலாமையும் முள்ளை ஆழ விழுங்காது உயிர்பிழைக்க இடமுண்டு. அதை விடுவிக்க நீண்ட காம்புடைய கழற்றியும் கயிறு வெட்டியும் படகில் இருத்தல் வேண்டும். வட்டமுள்ளில் ஒரு விதி உண்டு: கையால் வெட்டி இழுத்தலாகாது. இழுவிசை மெல்லெனக் கூடவேண்டும். வளைமுள்ளிற் பழகிய கைகள் இதனைக் கற்பதற்கு ஒரு பயணம் பிடிக்கும் என்று கூறக் கேட்டுள்ளேன்.

கயிறு விடும் வேளையே ஆபத்து மிக்கது. படகு ஓடிக்கொண்டிருக்கக் கயிறு பின்புறத்தால் விரைந்து செல்லும். இரை கோத்த முட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீசப்படும். கயிற்றுச் சுருளினுள் காலை வைத்தவனைக் கடல் அழைத்துச் செல்லும். தளர்ந்த உடை, மோதிரம், கைக்கடிகாரம் ஆகாது. அறுக்கும் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். இழுக்கும் வேளையில் வேறோர் இடருண்டு. இறுகிய தங்கூசி அறுந்தால், அதிற் கோத்த ஈயமிட்ட சுழற்கண்ணி குண்டெனப் படகை நோக்கிப் பாயும். ஆதலின் கயிற்றின் நேர்கோட்டில் முகத்தை வைத்து நிற்றலாகாது. மீனைப் படகேற்றும் கொளுக்கியைத் தலையிலேயே இடவேண்டும். உடலிற் பட்ட ஒரு துளை விலையைப் பாதியாக்கிவிடும். ஏற்றியவுடன் குருதி வடித்து, செவுளும் குடலும் நீக்கி, வயிற்றறையிலும் பனிக்கட்டி நிரப்புவர். பனிக்கட்டி போதாத பயணத்தில் எவ்வளவு சிறந்த தூண்டிலும் வீண். இரண்டாம் பயணத்துக்கு முன் கயிற்றைவிடப் பனிக்கட்டியைப் பற்றியே என் மாணவரோடு நெடுநேரம் பேசினேன்.

அவர் இப்பொழுது ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கின்றார். ஒவ்வொரு முறை விட்டதற்கும் நேரம், இடம், மிதவை இடைவெளி, இரை, எத்தனையாவது தூண்டிலில் எம்மீன் கொளுவியது என்பவற்றை எழுதுகின்றார். நடுத்தூண்டிலிலேயே மீன் மிகுதியாகக் கொளுவினால் அடுத்த முறை இன்னும் ஆழமாகவும், மிதவையை அடுத்த தூண்டிலிற் கொளுவினால் மேலாகவும் விடுகின்றார். கரைசேர்ந்ததும் கயிறு முழுவதையும் நன்னீரிற் கழுவி, நிழலிற் சுருட்டி, துருப்பிடித்த முட்களை எண்ணிக் கழிக்கின்றார். முதற்பயணத்தில் வாங்கிய அம்மெல்லிய கயிற்றை அவர் எறிந்துவிடவில்லை. அது அவரது தந்தையாரின் தோணியில், வாவியிற் செத்தல்மீனுக்கும் கெளிற்றுக்கும் இன்றும் பயன்படுகின்றது.